சைடிங் எது என்பது அப்புறம், முதலில் அந்தக் கராஜ் மூலை

நியூ ஜெர்சியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஊர், பெயர் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அடையாளம் தரும் விவரங்களை எடுத்துவிட்டு, கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

மிடில்செக்ஸ் கவுண்டியில் 1986-ல் கட்டிய இரண்டு மாடி கொலோனியல் பாணி வீடு, 2017-ல் வாங்கியது. வெளிச்சுவரில் கட்டிய காலத்து ஹார்டுபோர்டு சைடிங், அதாவது மரக்கூழை அழுத்திச் செய்த வெளியுறைப் பலகை, அப்படியே இருக்கிறது. இரண்டு முறை பெயின்ட் அடித்தும் பலகைகளின் கீழ் விளிம்பு ஊதிப்போய் பிஸ்கட் மாதிரி உதிர்கிறது. மாற்றியே ஆகவேண்டும் என்று முடிவு செய்து மூன்று பேரிடம் விலை கேட்டிருக்கிறார்கள். முதலாவது ஆள் சமையலறை மேஜையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து, ஃபோம் வைத்த வினைலுக்கு (பிளாஸ்டிக் சைடிங்) 38,900 டாலரில் ஆரம்பித்து, "இந்தத் தெருவுக்கு உங்கள் வீட்டை மாடலாக வைத்துக்கொள்கிறோம், இன்றிரவே கையெழுத்துப் போட்டால் 29,500" என்று முடித்திருக்கிறார். இரண்டாமவர் ஒரே ஒரு பக்கக் காகிதத்தில், இருக்கும் சைடிங் மேலேயே வினைல் அடிக்க 18,500. மூன்றாமவர் எல்லாவற்றையும் பிரித்துப்போட்டு ஃபைபர் சிமென்ட் (நார் கலந்த சிமென்ட் பலகை) வைக்க 46,000. கணவருக்கு ஃபைபர் சிமென்ட் மேல் ஆசை. ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனார் பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். "பிளாஸ்டிக்கும் வேண்டாம், ஆஸ்பெஸ்டாஸும் வேண்டாம், நாலு பக்கமும் செங்கல் வையுங்கள்" என்கிறார். வாசகிக்கு வினைல் போதும் என்று தோன்றுகிறது. ஆனால் பணத்துக்காகத் தப்பு செய்துவிடுவோமோ என்ற பயமும் இருக்கிறது. கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறார்கள், மகள் எட்டாவது படிக்கிறாள், அவள் கல்லூரிக்குப் போகும்வரை இந்த வீடு நிச்சயம், அதற்குப் பிறகு தெரியாது. கடைசியில், போகிற போக்கில், ஒரு வரி: "கராஜ் கூரை வீட்டுச் சுவரோடு சேரும் மூலையில் பழுப்பாக ஒரு கறை கீழே இறங்கியிருக்கிறது, அங்கே விரலால் அழுத்தினால் பலகை உள்ளே போகிறது, சைடிங் மாற்றினால் அதுவும் சரியாகிவிடும்தானே?" எட்டு போட்டோவும் இணைத்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் மிக முக்கியமானது அந்தக் கடைசி வரிதான். எந்த சைடிங் என்பதைப் பற்றி நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், கறைக்கு ஒரு வரி. நான் தலைகீழாக ஆரம்பிக்கிறேன். சைடிங் மாற்றினால் அது சரியாகாது. மறைந்துபோகும், அவ்வளவுதான். மறைவது இன்னும் ஆபத்து.

ஆறாவது போட்டோவைப் பாருங்கள். கராஜ் கூரையின் சரிவு வீட்டுச் சுவரை ஒட்டியே இறங்கி வந்து, மழைநீர்க் குழாய் ஆரம்பிக்கிற இடத்தில் முடிகிறது. அந்த முனையில் தண்ணீரைச் சுவரிலிருந்து வெளியே திருப்பிவிட, உள்ளங்கை அளவில் மடித்த ஒரு தகடு இருக்கவேண்டும். கிக்-அவுட் ஃபிளாஷிங் என்பார்கள். உங்கள் வீட்டில் அது இல்லை. அந்தக் காலத்தில் கட்டிய வீடுகளில் பெரும்பாலும் வைத்ததில்லை. ஆக, ஒவ்வொரு மழைக்கும் கூரைத் தண்ணீரில் ஒரு பங்கு குழாய்க்குள் போகாமல் நேராகச் சுவருக்குள் போயிருக்கிறது, நாற்பது வருடமாக. விரல் உள்ளே போகிறது என்றால் சைடிங் பலகை மட்டும் மெத்துப்போயிருக்கிறதா, அதன் பின்னால் இருக்கும் ஷீத்திங் பலகையும் போய்விட்டதா, அதற்கும் பின்னால் சுவரைத் தாங்கும் மரச்சட்டமே இற்றிருக்கிறதா என்று போட்டோவைப் பார்த்துச் சொல்லமுடியாது. பிரித்துப் பார்க்கவேண்டும். மூன்று பேரில் யாராவது அந்த மூலையைப் பற்றிப் பேசினார்களா? உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. மூன்று மணி நேரம் உட்கார்ந்தவர்கூட மேஜையை விட்டு எழுந்து போய்ப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

இந்த மாதமே ஒரு நல்ல தச்சரையோ சைடிங் ஆளையோ கூப்பிட்டு, அந்த மூலையில் நாலுக்கு நாலு அடி பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அரை நாள் வேலை. உள்ளே என்ன தெரிகிறதோ அதை வைத்துத்தான் மற்ற முடிவு. சட்டம் இற்றுப்போயிருந்தால் அது சைடிங் பட்ஜெட்டில் சேராத தனிச் செலவு, அதைத் தெரிந்துகொள்ளாமல் 46,000-க்குக் கையெழுத்துப் போட்டால் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள்.

தண்ணீரை நிறுத்துவது சைடிங் அல்ல

உங்கள் மாமனார் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. நம் ஊரில் சுவர்தான் வீடு. செங்கல் சுவர் கூரையையும் தாங்கும், மழையையும் தாங்கும். இங்கே உங்கள் வீட்டைத் தாங்குவது உள்ளேயிருக்கும் மரச்சட்டம். அதன்மேல் ஷீத்திங் பலகை, அதன்மேல் ஹவுஸ் ராப் என்கிற மெல்லிய உறை அல்லது தார் காகிதம், அதற்கு வெளியே சைடிங். வெயிலையும் மழையின் வேகத்தையும் வாங்கிக்கொள்வது சைடிங்கின் வேலை. ஆனால் எந்த சைடிங்காக இருந்தாலும் கொஞ்சம் தண்ணீர் அதன் பின்னால் போகத்தான் செய்யும். வினைலில் அதற்காகவே ஒவ்வொரு பட்டையின் அடியிலும் சிறு துளைகள் விட்டிருப்பார்கள், உள்ளே போன தண்ணீர் வெளியே வடிய. அப்படிப் போகும் தண்ணீரை மரத்தில் படாமல் தடுப்பது உள்ளேயிருக்கும் உறையும், ஜன்னல், கதவு, கூரை சேரும் இடங்களில் வைக்கும் ஃபிளாஷிங் தகடுகளும்தான். இதெல்லாம் கீற்று வேய்வது மாதிரி, கீழிருந்து மேலாக, மேலது கீழதன்மேல் படியும்படி வைக்கவேண்டும். ஒரே ஒரு இடத்தில் மாற்றிச் செருகினாலும் தண்ணீர் உள்ளே போகும். ஜன்னல் மேல்விளிம்பில்தான் இதைப் பெரும்பாலும் தப்பாகச் செய்கிறார்கள். தகட்டை உறைக்கு அடியில் செருகாமல் உறைக்கு மேலே வைத்து ஆணி அடித்துவிட்டுப் போய்விடுவார்கள், சைடிங் மூடிய பிறகு யாருக்குத் தெரியும்?

அதனால் இரண்டாமவருடைய 18,500 டாலர் விலையை எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள். பழைய சைடிங் மேலேயே வினைல் அடிப்பது தன்னளவில் குற்றமில்லை. கீழே இருப்பது காய்ந்து சமமாக இருந்தால் பலர் செய்கிறார்கள். உங்கள் வீட்டில் அப்படி இல்லை. ஊதிய ஹார்டுபோர்டு ஆணியைப் பிடிக்காது, சமதளமும் கிடைக்காது, ஈரத்தை உள்ளே வைத்து மூடிவிடுவீர்கள், உறை இருக்கிறதா என்றே தெரியாமல் போய்விடும். 1986-ல் கட்டிய வீட்டில் தார் காகிதம் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். விலை குறைவதற்குக் காரணமே பிரிக்கும் வேலையும் குப்பை அள்ளும் வேலையும் அதில் இல்லை என்பதுதான்.

விலையை எப்படிப் படிப்பது

நீங்கள் மூன்று விலைகளையும் வீட்டின் 2,240 சதுர அடியால் வகுத்துப் பார்த்திருக்கிறீர்கள். அது தரைப்பரப்பு. சைடிங் தரைக்கு அடிப்பதில்லை. நீங்கள் அனுப்பிய அளவுப்படி வீடு 40-க்கு 28 அடி, சுற்றளவு 136 அடி, இரண்டு மாடிக்கு 18 அடி உயரம் என்று வைத்தால் கிட்டத்தட்ட 2,450. பக்கவாட்டில் கூரையடி முக்கோணங்கள் இரண்டையும் கூட்டி, ஜன்னல் கதவுகளைக் கழித்தால் 2,300-லிருந்து 2,400 சதுர அடிக்குள் வரும். வெட்டுச் சேதாரம் பத்து சதவீதம் போட்டால் 26 ஸ்கொயர். சைடிங்காரர்கள் கணக்கில் ஒரு ஸ்கொயர் என்பது 100 சதுர அடி. மூன்றாமவர் 26 ஸ்கொயர் என்றே எழுதியிருக்கிறார், அளந்திருக்கிறார் என்று தெரிகிறது. இரண்டாமவர் 22. மீதி நான்கு ஸ்கொயருக்கு வேலை நடுவில் உங்களிடம் வந்து நிற்பார். முதலாமவர் அளவே எழுதவில்லை.

இப்போது 2,400 சதுர அடியால் வகுத்தால்: முதலாமவர் அடிக்கு 12.30 டாலர், இரண்டாமவர் 7.70, மூன்றாமவர் 19.20 சுமாராக. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு எண் தருகிறேன். வீட்டு வேலைகளின் செலவையும் விற்கும்போது அதில் எவ்வளவு திரும்பும் என்பதையும் ஒப்பிடும் காஸ்ட் வெர்சஸ் வேல்யூ அறிக்கையில், 2024-க்கான அமெரிக்க தேசிய சராசரி, 1,250 சதுர அடி சுவரில் சைடிங் மாற்ற வினைலுக்கு 17,410 டாலர், ஃபைபர் சிமென்டுக்கு 20,619 டாலர். அதாவது அடிக்கு முறையே ஏறக்குறைய 14-ம் பதினாறரையும். இந்த எண்ணில் எனக்கு முக்கியமாகப் படுவது விலை அல்ல, இரண்டுக்கும் உள்ள இடைவெளி. அடிக்கு இரண்டரை டாலர்தான் வித்தியாசம். உங்கள் வீட்டுச் சுவருக்கு அது ஆறாயிரம் சொச்சம் வரும். ஆனால் உங்கள் கையில் இருக்கும் விலைகளில் வினைலுக்கும் ஃபைபர் சிமென்டுக்கும் இடைவெளி, யாரோடு ஒப்பிடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து, 16,500 அல்லது 27,500. இதற்கு என்ன அர்த்தம்? பொருளின் விலை வித்தியாசம் மட்டும் இல்லை இது, மூன்று பேரும் மூன்று வெவ்வேறு வேலைக்கு விலை சொல்லியிருக்கிறார்கள். மூன்றாமவர் உறை, ஃபிளாஷிங், ஜன்னல் சட்டம், கூரை விளிம்பு எல்லாம் தனித்தனியாக எழுதியிருக்கிறார். முதலாமவர் "தேவைப்பட்டால் பிரிப்போம்" என்று ஒரு வரியில் முடித்துவிட்டார். அந்தத் 'தேவை'யை யார் தீர்மானிப்பது?

நம் பக்கம் கூலி தேசிய சராசரியைவிட அதிகம். அதனால் 46,000 என்பது அநியாயம் என்று சொல்லமாட்டேன். கொஞ்சம் அதிகம், பேசிப் பார்க்கலாம். முதலில் மூவருக்கும் ஒரே காகிதத்தைக் கொடுத்து விலை கேளுங்கள்: முழுதும் பிரிப்பது, குப்பை, உறை, எல்லா ஜன்னலுக்கும் கதவுக்கும் ஃபிளாஷிங், கிக்-அவுட், வெளிப்புற விளக்கு, குழாய், டிரையர் காற்றுப்போக்கி சுற்றிலும் அடைப்பு, விளிம்புப் பலகைகள். இற்ற ஷீத்திங் பலகையை மாற்ற ஷீட்டுக்கு எவ்வளவு என்பதை இப்போதே எழுத்தில் வாங்குங்கள். இது மிக முக்கியம். சுவரைப் பிரித்துப் போட்ட பிறகு, வானம் இருட்டிக்கொண்டு வரும் மதியத்தில் அந்த விலையைப் பேசினால் நீங்கள் எதற்கும் சரி என்பீர்கள்.

எந்தப் பொருள்

வினைல் மட்டம் என்ற எண்ணத்தை விடுங்கள். வடகிழக்கு மாநிலங்களில் புதிதாகக் கட்டும் வீடுகளிலேயே அதுதான் அதிகம். பெயின்ட் வேண்டாம், லேசானது, ஒரு பட்டை உடைந்தால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். தடிமன் பாருங்கள். அங்குலத்தில் 0.040 என்பது பில்டர்கள் போடும் சாதாரண ரகம், 0.044-லிருந்து 0.046 வரை நல்ல ரகம். விலையில் பெரிய வித்தியாசம் வராது. கூலிதான் பெரும்பங்கு. வினைலின் பலவீனம் சூடு. வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும், பன்னிரண்டடிப் பட்டை ஒன்று அரை அங்குலம்வரை மாறும். அதனால் ஆணியை நீள்துளையின் நடுவில், தலைக்கும் பட்டைக்கும் நடுவே ஒரு டைம் (பத்து சென்ட்) நாணயம் நுழையும் அளவு விட்டு அடிக்கவேண்டும். இறுக்கி அடித்தால் ஜூலை மாதம் சுவர் முழுக்க அலை அலையாக நெளியும். வேலை நடக்கும்போது அடித்து முடித்த ஒரு பட்டையைக் கையால் இடமும் வலமும் தள்ளிப் பாருங்கள். நகரவேண்டும். நகரவில்லை என்றால் வேலையை அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள், கூச்சப்படாதீர்கள்.

இன்னொன்று, பக்கத்து வீட்டுக்காரர் புதிதாக லோ-ஈ (வெப்பத்தைத் திருப்பும் பூச்சுள்ள) கண்ணாடி ஜன்னல் போட்டிருக்கிறாரா? அதிலிருந்து குவிந்து திரும்பும் வெயில் எதிர்ச் சுவரில் இருக்கும் வினைலை உருக்கிக் கோணலாக்கும். அந்த ஜன்னலைப் பார்த்திருக்கும் உங்கள் சுவரில் பளீரென்று ஒரு பட்டை வெளிச்சம் விழுகிறதா என்று ஒரு வாரம் கவனியுங்கள். டெக்கில் இருக்கும் கேஸ் கிரில்லையும் சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள், உங்கள் மூன்றாவது போட்டோவில் அது சுவரோடு ஒட்டி நிற்கிறது.

ஃபோம் வைத்த வினைல் போட்டால் ஹீட்டிங் பில் பாதியாகும் என்று அந்த சேல்ஸ்மேன் சொன்னது நடக்காது. அந்த ஃபோம் சுவருக்குக் கூட்டித் தருவது ஆர்-2 சொச்சம் (ஆர் என்பது வெப்பத்தைத் தடுக்கும் திறனின் அளவு). உங்கள் சுவருக்குள் ஏற்கெனவே ஆர்-11 அல்லது 13 பஞ்சு இருக்கும். கொஞ்சம் நல்லது, சுவரும் விறைப்பாக நிற்கும், தட்டினால் டொக் டொக் என்று கேட்காது. பில்லைக் குறைக்கத்தான் ஆசை என்றால் முதலில் பரணில் பஞ்சு எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள், அங்கே போடும் டாலருக்குப் பலன் அதிகம். வரிச் சலுகை என்று வேறு ஏதோ சொல்லியிருக்கிறார். வீட்டு எரிசக்திச் சேமிப்புக்கான கூட்டரசு வரிச் சலுகை 2025 டிசம்பர் 31-க்குப் பிறகு செய்யும் வேலைக்குக் கிடையாது. அது இருந்த காலத்திலும் சைடிங் என்ற பெயரில் அதில் எதுவும் இருந்ததில்லை.

ஃபைபர் சிமென்டைப் பற்றி உங்கள் மாமனாரின் சந்தேகம் இயல்பானது. நம் ஊரில் சிமென்ட் சீட் என்றாலே ஆஸ்பெஸ்டாஸ்தான் நினைவுக்கு வரும். அமெரிக்காவிலும் எழுபதுகள்வரை ஆஸ்பெஸ்டாஸ் கலந்த சிமென்ட் ஓடுகளை வெளிச்சுவரில் அடித்திருக்கிறார்கள், இன்னும் பழைய வீடுகளில் இருக்கின்றன. ஆனால் இன்று கடையில் கிடைக்கும் ஃபைபர் சிமென்ட் பலகையில் இருப்பது சிமென்ட், மணல், மரக்கூழ் நார். ஆஸ்பெஸ்டாஸ் இல்லை. அவரிடம் தாராளமாகச் சொல்லலாம். கவனிக்கவேண்டியது வேறு: அதை உலர்வாக ரம்பத்தில் அறுத்தால் பறக்கும் சிலிக்கா தூசி நுரையீரலுக்குக் கெடுதல். தூசி உறிஞ்சும் ரம்பத்தாலோ வெட்டுக்கத்தரியாலோ வெட்டுகிறார்களா என்று கேளுங்கள், அறுக்கும் பக்கத்து ஜன்னல்களைச் சாத்தி வையுங்கள். உங்களைவிட அந்தத் தொழிலாளிகளுக்குத்தான் அது ஆபத்து.

தீப்பிடிக்காது, நெளியாது, பார்க்க மரப்பலகை மாதிரி கம்பீரமாக இருக்கும். ஆனால் சதுர அடிக்கு இரண்டரை பவுண்டு அளவுக்கு எடை, வேலை மெதுவாக நடக்கும், கூலி ஏறும். வைப்பதில் கட்டுப்பாடுகளும் கூடுதல்: மண்ணிலிருந்து ஆறு அங்குலம், கூரையிலிருந்தும் டெக்கிலிருந்தும் இரண்டு அங்குலம் இடைவெளி வேண்டும், வெட்டிய முனைக்கெல்லாம் பெயின்ட் தொடவேண்டும். இதில் எதைத் தப்பாகச் செய்தாலும் வாரன்டி கேட்கும்போது கம்பெனி அதைத்தான் முதலில் காட்டும். தொழிற்சாலையிலேயே வண்ணம் பூசி வரும் ரகத்துக்கு வண்ணத்துக்கான வாரன்டி பொதுவாக 15 வருடம். பிறகு பெயின்ட் செலவு உண்டு, ஆயுள் முழுக்க ஒன்றும் செய்யவேண்டாம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டுக்கும் நடுவில் ஒன்றை நீங்கள் யாரிடமும் கேட்கவேயில்லை: எஞ்சினியர்டு உட். மரச்சில்லுகளைப் பிசினும் துத்தநாக போரேட்டும் சேர்த்து அழுத்திச் செய்தது, பதினாறடிப் பலகையாக வரும், லேசானது, சாதாரண ரம்பத்தில் அறுக்கலாம். விலை பெரும்பாலும் ஃபைபர் சிமென்டைவிடக் கொஞ்சம் கீழே. ஹார்டுபோர்டிடம் சூடுபட்டதால் உங்களுக்கு மரக்கூழ் என்றாலே பயமாக இருக்கும், அது புரிகிறது. இது அந்தச் சரக்கு இல்லை. ஆனாலும் வெட்டிய முனையை அடைக்காமல் விட்டால் இதுவும் ஊதும்.

செங்கல்? இந்த வீட்டில் செங்கல் என்றால் அது தாங்கும் சுவராக இருக்காது, மரச்சட்டத்துக்கு முன்னால் நிற்கும் ஒரு தோல் மட்டுமே. அதன் எடையைத் தாங்க அஸ்திவாரத்தில் விளிம்பு விட்டுக் கட்டியிருக்கவேண்டும். உங்கள் வீட்டில் விடவில்லை. இப்போது அதைச் சேர்ப்பது அஸ்திவார வேலை, சைடிங் வேலை இல்லை. ஓவர்சியராக இருந்தவருக்கு இதை இப்படிச் சொன்னால் உடனே புரியும். ஸ்டக்கோ (வெளிச்சுவர் சிமென்ட் பூச்சு) பற்றி ஒரு வரி கேட்டிருந்தீர்கள்: வேண்டாம். பென்சில்வேனியாவில் ஃபிலடெல்ஃபியாவைச் சுற்றி தொண்ணூறுகளிலும் அதற்குப் பிறகும் கட்டிய ஸ்டக்கோ வீடுகள் உள்ளுக்குள் இற்றுப்போய் வழக்கு வழக்காக நடந்தது. சரியாகச் செய்தால் ஸ்டக்கோ நிற்கும்தான், ஆனால் வாங்க வருபவர் பயப்படுவார்.

சரி, நீங்களாக இருந்தால் எது என்று கேட்டிருக்கிறீர்கள். மகள் கல்லூரிக்குப் போக ஐந்து வருடம், அதன்பிறகு விசா நிலவரம் எப்படியோ. இந்த நிலையில் நான் 0.046 வினைலை எடுத்து, மிச்சமாகும் பணத்தில் முழுதாகப் பிரித்து, உறையையும் ஃபிளாஷிங்கையும் குறை சொல்லமுடியாதபடி செய்யச் சொல்வேன். உங்கள் கணவர் விற்கும்போது ஃபைபர் சிமென்டுக்கு விலை கிடைக்கும் என்கிறார். அதில் உண்மை இருக்கிறது, நான் சொன்ன அதே அறிக்கையில் ஃபைபர் சிமென்டுக்குச் செலவில் 88 சதவீதமும் வினைலுக்கு 80 சதவீதமும் திரும்புவதாகப் போட்டிருக்கிறார்கள். ஆனால் அது இடைவெளி மூவாயிரம் டாலராக இருக்கும் கணக்கு. 16,500 இடைவெளிக்கு அந்தச் சதவீதம் பொருந்தாது. ஒரே காகிதத்துக்கு மறுபடி விலை வாங்கியபோது இடைவெளி எட்டாயிரத்துக்குள் வந்துவிட்டால் கணவர் பக்கம் சாய்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. பதினைந்து வருடம் இதே வீடுதான் என்றால் நானும் அவர் கட்சிதான்.

கையெழுத்துக்கு முன்னால்

அந்த "மாடல் வீடு" பேச்சு வீடு வீடாக அலுமினியம் சைடிங் விற்ற காலத்திலிருந்து வருவது. இல்லாத சலுகைக்கு இப்படி ஒரு பெயர் கொடுப்பதை நியூ ஜெர்சியின் வீட்டுச் சீரமைப்பு விதிகள் பெயர் சொல்லியே தடுத்திருக்கின்றன. ஒரே இரவில் 9,400 டாலர் குறைகிறது என்றால் அந்த 38,900 உண்மையான விலையாக இருந்ததே இல்லை. மறுபடி கூப்பிட்டால், அதே விலையை அளவோடும் பொருள் பட்டியலோடும் எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.

500 டாலருக்கு மேற்பட்ட எந்த வீட்டு வேலைக்கும் இங்கே எழுத்தில் ஒப்பந்தம் கட்டாயம். மாநிலப் பதிவு எண் அதில் இருக்கவேண்டும், 13வி.எச். (13VH) என்று தொடங்கும், மாநில நுகர்வோர் துறையின் தளத்தில் நீங்களே தேடிப் பார்க்கலாம். குறைந்தது ஐந்து லட்சம் டாலருக்கான பொறுப்புக் காப்பீட்டின் நகலையும் வாங்குங்கள். அதோடு தொழிலாளர் காப்பீடு இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். ஏணியிலிருந்து ஒருவர் விழுந்தால் பிரச்சினை உங்கள் வாசலுக்கு வரும். தப்பித்தவறிக் கையெழுத்துப் போட்டுவிட்டாலும், ஒப்பந்த நகல் கைக்கு வந்த மூன்றாவது வேலைநாள் நள்ளிரவுக்குள் எழுத்தில் ரத்து செய்யலாம். ஞாயிறும் அரசு விடுமுறையும் கணக்கில் வராது. போனில் சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள், பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

சைடிங் வேலைக்குப் பதினெட்டு மாதம் வட்டியில்லை என்று யாராவது நீட்டும் கடன் தாளை இரண்டு முறை படியுங்கள். பல தாள்களில், கடைசித் தேதியில் பத்து டாலர் பாக்கி இருந்தாலும் முதல் நாளிலிருந்து மொத்தத்துக்கும் வட்டி விழும் என்று இருக்கும்.

இன்ஷூரன்ஸ் இதற்கு வராது. காற்று, ஆலங்கட்டி மாதிரி திடீர் சேதத்துக்குத்தான் அது, வருடக்கணக்கில் ஊறிய ஈரத்துக்கு இல்லை. புயல் சேதம் என்று எழுதித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் அது மோசடி, கையெழுத்து உங்களுடையதாக இருக்கும்.

பெர்மிட் விஷயத்தில் ஒரு நல்ல செய்தியும் அதன் மறுபக்கமும். 2018-லிருந்து நியூ ஜெர்சியில் தனி வீடுகளுக்குச் சாதாரண சைடிங் மாற்றம் பெர்மிட் தேவையில்லாத பராமரிப்பு வேலையாகிவிட்டது. சந்தோஷப்படுவதற்கு முன்னால் யோசியுங்கள்: பெர்மிட் இல்லை என்றால் டவுன்ஷிப் இன்ஸ்பெக்டரும் வரமாட்டார். உறையையும் தகடுகளையும் மூடுவதற்கு முன்னால் பார்க்க ஆளே இல்லை. அதனால் "சைடிங் அடிக்கும் முன் ஒவ்வொரு சுவரையும் உரிமையாளர் பார்த்துப் படம் எடுத்துக்கொள்வார்" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு நேரமில்லை என்றால் மாமனாரை நிறுத்துங்கள். எந்தத் தகடு எதன்மேல் படியவேண்டும் என்று ஒரு முறை சொன்னால் போதும், அவர் கண்ணில் ஒன்றும் தப்பாது. கராஜ் மூலையில் மரச்சட்டத்தை மாற்றவேண்டி வந்தால் மட்டும் அது கட்டமைப்பு வேலை, அதற்குப் பெர்மிட் வேண்டியிருக்கும், டவுன்ஷிப்பில் கேட்டுவிடுங்கள்.

பணத்தை மூன்றாகப் பிரியுங்கள். தொடக்கத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்காதீர்கள், உறை முடிந்து நீங்கள் பார்த்த பிறகு அடுத்தது, வேலை முழுதும் முடிந்து சுற்றிப் பார்த்த பிறகு கடைசி. முடியும் முன்னால் கடைசித் தவணையையோ "முடிந்துவிட்டது" என்ற கையெழுத்தையோ கேட்க இங்கே அவர்களுக்கு அனுமதி இல்லை. கடைசிக் காசோலையோடு, சரக்கு கொடுத்த கடைக்கும் துணை ஆட்களுக்கும் பணம் போய்விட்டது என்ற எழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அவர்கள் பாக்கிக்காக உங்கள் வீட்டின்மேல் லியன் (கடன் தீரும்வரை வீட்டின்மேல் சட்டப்படியான பிடிப்பு) போட வழியிருக்கிறது.

மகளுக்குக் கருநீலம் வேண்டுமாம். ஃபைபர் சிமென்டில் தயங்காமல் போடலாம். வினைலில் அடர்நிறம் என்றால் சூட்டைத் திருப்பும் நிறமி சேர்த்த ரகமாகக் கேளுங்கள், விலை கொஞ்சம் கூடும். தெற்குப் பக்கத்துக்கு அது இல்லாமல் வேண்டாம். குடியிருப்புச் சங்கம் இருந்தால் நிற அட்டையை அவர்களிடம் முன்பே காட்டிவிடுங்கள். மூலையைப் பிரித்த பிறகு உள்ளே எடுத்த படங்களை எனக்கு அனுப்பி வையுங்கள்.